சின்னராசுவின் கேப்டன்

"அங்கிள், மின்னலுக்கு எல்லாத்தையும் கேப்டன் துருவன் சொல்லிக் கொடுத்தாரு. உங்களுக்கு எழுதச் சொல்லிக் கொடுத்த கேப்டன் யாரு?"

ஒன்பது வயது இனியா மைக்கைப் பிடித்துக் கேட்டதும் செங்காங் நூலகத்தின் அந்த அறையே சிரித்துக் கைதட்டியது.

மூன்றாவது வரிசையில் கமலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள். பக்கத்திலிருந்த மகள் நிவேதிதாவை முழங்கையால் இடித்தாள்.

"ரெடியா இருடி. உன் பேரைத்தான் சொல்லப்போறாரு. எழுந்து நின்னு கும்பிடு."

மேடையில் சின்னராசு. கப்பல் பட்டறையில் வெல்டர். வயது நாற்பது. அன்று வெளியான 'நிலாவில் ஒரு பட்டறை' அவருடைய முதல் புத்தகம். பழுதான விண்கலங்களைச் சரிசெய்யும் துருவனிடம் தொழில் கற்க வரும் மின்னல் என்ற சிறுமியின் சாகசம். கலத்தின் வயிற்றுக்குள் அவள் தவழ்ந்துபோய் ஓட்டையை அடைக்கும் இடத்தை அவர் வாசித்தபோது, பிள்ளைகள் மூச்சுகூட விடவில்லை.

சின்னராசு மைக்கைப் பார்த்தார். நிவேதிதாவை ஒரு தடவை பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"யாரும் இல்லம்மா. நானாத்தான் எழுதினேன்."

கமலாவுக்குக் காது அடைத்துவிட்டது.

யாரும் இல்லையாமே!

ரெண்டு வருஷம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஃபேரர் பார்க் சாப்பாட்டுக் கடையில் மூன்று மணி நேரம் எழுத்துப் பாடம். உயர்நிலைப் பள்ளியில் தமிழ் டீச்சர், சிறுவர்களுக்கு மூன்று புத்தகம் போட்டவள் நிவேதிதா, தன் ஒரே விடுமுறையை இந்த மனுஷனுக்காகத் தொலைத்தாள். பெண் பார்க்க வந்தவர்களைக்கூட ஒரு ஞாயிறு காக்க வைத்தாள்!

முதல் நோட்டில் நாலு பக்கத்துக்கும் ஒரே வாக்கியம். "அண்ணே, படிக்கிற எனக்கே மூச்சு முட்டுது. எங்கயாச்சும் ஒரு புள்ளி வைங்க" என்று மகள் சொன்னபோது கமலாவும் அங்கேதான் இருந்தாள். தொழிலாளர்கள் தங்கும் டார்மிட்டரியில் என்னத்தைச் சாப்பிடுவாரோ என்று டப்பாவில் கோழிக் குழம்பு கொண்டுபோயிருந்தாள்.

திரும்பிப் பார்த்தாள். நிவேதிதா கைதட்டிக்கொண்டிருந்தாள். சும்மா இல்லை, எல்லாரையும்விடச் சத்தமாக.

நிகழ்ச்சி முடிந்து கையெழுத்து வாங்க வரிசை நின்றது. கமலா வரிசையில் நிற்கவில்லை. நேரே மேசைக்குப் போனாள்.

"நல்லா இருக்கு தம்பி. ரொம்ப நல்லா இருக்கு. மேடை ஏறினதும் ஏணி மறந்துபோச்சு, இல்லையா?"

சின்னராசு சட்டென்று எழுந்து நின்றார். பேனா மேசையிலிருந்து உருண்டு விழுந்தது.

"அம்மா... மன்னிச்சுருங்கம்மா."

"மன்னிப்பு எதுக்கு? உங்களுக்குத்தான் யாருமே இல்லையே!"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பின்னால் வந்து நின்ற நிவேதிதா வேண்டாம் என்று தலையாட்டினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கண் கலங்கியிருந்தது.

"மா, வா. கியூ நிக்குது லா."

பாசிர் ரிஸ் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் கமலா ஓயவில்லை.

"நன்றி கெட்ட மனுஷன். ஒரு வார்த்தை! 'நிவேதிதா டீச்சர்'னு ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?"

"சொல்லக் கூடாதுன்னு நான்தான்மா சொன்னேன்."

"என்னது?"

"மூணு வாரமா கெஞ்சினேன். 'பொய் சொல்ல மாட்டேன் டீச்சர், உங்க பேரைச் சொல்லாம மேடையே ஏற மாட்டேன்'னு ஒரே பிடிவாதம். நேத்து ராத்திரிதான் சரின்னாரு. அதுவும் அரைமனசா."

"உனக்கென்ன பைத்தியமா? ஏண்டி?"

நிவேதிதா பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"போன வருஷம் சிறுகதைப் போட்டியில அவருக்கு முதல் பரிசு வந்துச்சுல்ல? அப்போ ஒரு பேச்சு கிளம்புச்சு. வெல்டராவது கதை எழுதறதாவது, எல்லாம் அந்த டீச்சர் எழுதிக் கொடுத்ததுன்னு. போட்டி நடத்தினவங்க அவரைக் கூப்பிட்டு, கண்ணு முன்னாடி உக்காந்து எழுதிக் காட்டச் சொன்னாங்க. பரீட்சை மாதிரி, ஒரு மணி நேரம்."

"ஐயோ."

"எழுதிக் காட்டினாரு. அப்புறம்தான் பரிசு. வெளியே வந்து என்ன சொன்னாரு தெரியுமா? 'டீச்சர், கப்பல்ல தீப்பிடிச்சப்போகூட எனக்கு இப்படிக் கை நடுங்கல'ன்னாரு."

கமலா மகள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"நான் சொல்லிக் கொடுத்தேன்தான், மா. ஆனா எழுதினது அவரு. இன்னிக்கு என் பேரை எடுத்திருந்தா, நாளைக்கு அந்தப் புத்தகத்துல அவரு பேரு காணாமப் போயிருக்கும்."

கமலாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. மேசைக்கு முன்னால் தலைகுனிந்து நின்ற மனுஷனை நினைத்துப் பார்த்தாள். அடுத்த நிமிஷமே கோபம் வேறு பக்கம் திரும்பியது.

"பாவம்டி அந்த மனுஷன்! வேர்வை சிந்தி எழுதினவர் மேல இப்படி ஒரு பழியைப் போட எவளுக்குடி மனசு வந்துச்சு? யாருன்னு சொல்லு, நேர்லயே போய் நாலு வார்த்தை கேக்கறேன்!"

நிவேதிதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கோயில்ல, பக்கத்து புளோக் பஞ்சவர்ணம் ஆண்ட்டிகிட்ட, 'எல்லாம் என் மக எழுதிக் கொடுத்ததுதான்'னு பெருமையாச் சொன்னது நீதான்மா."