கை படாத வரிசை

பேராசிரியர் அரங்கநாதன் மூன்றாவது முறையாக அளவுகோலைச் சாமைச் செடியருகே நிறுத்திப் பார்த்தார்.

மூன்றாவது முறையும் அதே அளவுதான்.

"யாரு தொட்டது?"

கண்ணாடிக் கதவு போட்ட அந்தக் குளிரறையில் மூன்று பேர் இருந்தார்கள். கேட்டவர் அவர். பக்கத்தில், நோட்டை நெஞ்சோடு அணைத்தபடி ஆராய்ச்சி மாணவி அருள்மொழி. கதவோரம் வெறுங்காலோடு அம்சவள்ளி. அறையைத் துடைத்து, செடிகளைப் பார்த்துக்கொள்கிறவள்.

வெள்ளிமலையில் விளையும் சாமை காற்றுக்குச் சாயாமல் நிற்கிறது. அதே விதையைக் கீழே கொண்டுவந்து காற்றில்லாத இந்த அறையில் முளைக்கவைத்தால், நெட்டையாக, நோஞ்சானாக வளர்ந்து தலை சாய்ந்துவிடுகிறது. காற்று வந்து வந்து தொடுவதால்தான் தண்டு உறுதியாகிறதா? அருள்மொழி கண்டுபிடிக்க வேண்டியது அதைத்தான்.

அதற்காக இடப்பக்கத் தட்டுகளை அம்சவள்ளி காலையும் மாலையும் உள்ளங்கையால் தடவிக்கொடுப்பாள். ஒவ்வொரு தட்டுக்கும் நாற்பது முறை.

வலப்பக்கத் தட்டுகளை யாரும் தொடக் கூடாது. தண்ணீர்கூடக் குழாய் வழியாகத்தான் போகும்.

இப்போது இடப்பக்கம் குட்டையாக, திடமாக நின்றது. வலப்பக்கம் ஒல்லியாக இழுத்துக்கொண்டு போயிருந்தது, மூலையில் இருந்த கடைசித் தட்டைத் தவிர. அதன் எட்டுச் செடிகளும் தண்டு பருத்து, நிமிர்ந்து நின்றன.

"யாரு தொட்டதுன்னு கேக்கறேன்."

அருள்மொழி தரையைப் பார்த்தாள்.

அந்தக் கேள்வி அம்சவள்ளிக்குப் புதிதில்லை. சின்ன வயதில் ஊர்த்தெருக் குழாயடியிலும் பெரிய வீட்டுக் களத்திலும் வேறு வேறு குரல்களில் கேட்டதுதான். அப்போதெல்லாம் இல்லை என்று சொல்லித்தான் பழக்கம்.

"நான்தாங்க சார்" என்றாள்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே அம்சவள்ளி!"

"ஒரு பக்கத்த மட்டும் தடவிக்கினு இருந்தேனுங்க. இதுங்க பாட்டுக்கு மூலையில நின்னுக்கினு இருந்துச்சிங்க. மனசு கேக்கல."

அவர் நம்பினார். நம்பாமலிருக்க என்ன இருக்கிறது? புருஷன் போய் ஆறு வருஷம். ஒரே மகள் ஓசூரில் கம்பெனி வேலை. தீபாவளிக்கு வந்தால் உண்டு. மூங்கில்துறைப்பட்டுப் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். காலையில் கண்டக்டரிடம் ஊர்ப் பெயரைச் சொன்னால், மறுபடி சாயங்காலம் கண்டக்டரிடம் ஊர்ப் பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறப்பாள். இடையில் குளிரூட்டும் இயந்திரத்தின் உறுமல் மட்டும்.

அப்படிப்பட்டவள் செடியைத் தடவினாள் என்றால் யாருக்குத்தான் புரியாது?

அவர் குரல் இறங்கியது. அந்தத் தட்டை மட்டும் ஒதுக்கிவிடலாம் என்றார். வேலையாள் கை பட்டுவிட்டது என்று ஒரு வரி எழுதினால் போதும். ஆராய்ச்சி செய்கிறவரே தொட்டிருந்தால்தான் வம்பு. மூன்று வருஷ உழைப்பையும் தூக்கிப் போட வேண்டியிருக்கும்.

ஆனால் அம்சவள்ளி இனி உள்ளே வரக் கூடாது. நாளையிலிருந்து வெளியே, கரும்புப் பாத்தியில் களை எடுக்க வேண்டும்.

அறைச் சாவியை வாங்கிக்கொண்டு அவர் போனார்.

அம்சவள்ளி செருப்பை மாட்டிக்கொண்டாள். அருள்மொழி பின்னாலேயே கதவு வரை வந்தாள். இத்தனை மாதத்தில் இருவரும் பேசியது எத்தனை டிகிரி, எத்தனை ஈரப்பதம் என்பது மட்டும்தான்.

"அக்கா…"

திறந்த கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

"உள்ள போங்கம்மா. கதவத் தொறந்து வச்சிக்கினு நின்னா குளிரு பூரா போயிடும்."

வெளியே வெயில் முகத்தில் அறைந்தது. கரும்புப் பாத்தி கண்ணுக்கெட்டிய தூரம் வரை அசையாமல் கிடந்தது. அம்சவள்ளி வெறும் உள்ளங்கைகளை ஒருமுறை பார்த்துவிட்டுச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

வலப்பக்கத்தில் ஒரு இலையைக்கூட அவள் தொட்டதில்லை.

போன மாதம் ஒரு மத்தியானம், சாப்பிடப் போனவள் தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டுத் திரும்பி வந்தாள். கண்ணாடி வழியே பார்த்தபோது அருள்மொழி மூலையில் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தாள். திறந்த சாப்பாட்டு டப்பா தொடாமல் கிடந்தது. கை மட்டும் கடைசித் தட்டின் மேல் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது, தூங்குகிற பிள்ளையின் தலையைக் கோதுவதுபோல. நாற்பது தாண்டியும் நிற்கவில்லை. கண்கள் மூடியிருந்தன. உதடுகள் எதையோ சொல்லிக்கொண்டிருந்தன.

அம்சவள்ளி பாட்டிலை எடுக்காமலே திரும்பிவிட்டாள்.

மறுநாளிலிருந்து, சாப்பிட்டு முடித்த பிறகும் ஒரு அரை மணி நேரம் வேப்பமரத்தடியில் சும்மா உட்கார்ந்திருப்பாள். பிறகு எழுந்து வருவாள்.

கதவுக்குப் பத்தடி இருக்கும்போதே, தினமும் தவறாமல், சத்தமாக ஒருமுறை இருமுவாள்.