உறையின் ஜன்னல்

திரையில் அட்டை வந்து நின்றது. அவள் கண் நேராகப் பெயருக்குப் போனது.

பெயர் உடைந்திருந்தது.

திருஞானசம்பந்தமூர்த்தி மேல் வரியில். ஜோதி கீழ் வரியில், தன்னந்தனியாக.

பெயர்கள் பிரியக் கூடாது என்பது நகைக்கடைக்காரரின் கண்டிப்பான உத்தரவு. தன் வாடிக்கையாளர்களுக்கு அவர் அனுப்பும் மணநாள் வாழ்த்து அட்டை. புருஷன் பெயர் ஒரு வரியிலும் பெண்டாட்டி பெயர் இன்னொரு வரியிலும் போனால் அபசகுனமாம். அவர் நம்பிக்கை அவருக்கு.

அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு அட்டையும் எப்படி விழும் என்று கணினியில் பார்ப்பது அவள் வேலை. மடிப்பு எங்கே வரும், உறையில் முகவரிக்காக விட்டிருக்கும் கண்ணாடித்தாள் ஜன்னல் வழியாக எது தெரியும், எது மறையும், எல்லாவற்றையும் மென்பொருள் புள்ளிக்கோடு போட்டுக் காட்டிவிடும். அதற்குத் தெரியாதது ஒன்றுதான். உறைக்குள் அட்டை நகரும். அதைக் கீழே மிஷின் ஓட்டும் டில்லிபாபு, உறையை மேசையில் தட்டித் தட்டிப் பார்த்துக்கொள்வான்.

முதலில் ஒரு மாதிரிப் பெயரை ஏற்ற வேண்டும். கைக்கு வந்ததை அடிக்கக் கூடாது. பக்கத்துத் தெரு அச்சகத்தில் ஒருவன் அப்படி அடித்துவிட்டு, நிஜப் பெயர்ப் பட்டியலை இணைக்க மறந்துபோனான். ஊரெல்லாம் 'அன்புள்ள கககக அவர்களுக்கு' என்று கடிதம் போனது. அம்பத்தூர் எஸ்டேட்டே சிரித்து ஓய்ந்தது.

ஆகவே உண்மையான பெயர். அதிலும் இருப்பதிலேயே நீளமான பெயர். அது அடங்கினால் எல்லோரும் அடங்குவார்கள்.

அவளுக்குத் தெரிந்ததில் நீளமானது அவள் கணவனின் பெயர்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிரித்துக்கொண்டே ஏற்றினாள். முகவரிக்குத் தங்கள் வீட்டையே போட்டாள். சாயங்காலம் சொன்னபோது அவனுக்கு ஒரே பெருமை.

"என் பேரு எதுலயும் அடங்காதுடி."

பெயர் அடங்கியது. ஆள்தான் வீட்டில் தங்கவில்லை.

போன ஆடியில் ஒரு பெட்டியையும் டேபிள் ஃபேனையும் எடுத்துக்கொண்டு கிளம்பினான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. இருந்திருந்தால் சமாதானம் என்று ஒன்றாவது பேசியிருக்கலாம். திருச்சியில் இருப்பதாகக் கேள்வி.

தனியாக இருப்பது பழகிவிட்டது என்று அக்காவிடம் போனில் சொல்வாள். பழகவில்லை. அவன் போன பிறகு அந்த வீட்டுக் கதவைத் தட்டுகிற ஒரே ஆள் தண்ணீர் கேன் போடுபவர்.

மாதிரிப் பெயரை மட்டும் அவள் மாற்றவில்லை.

இதுவரை வந்த வேலைகளுக்கெல்லாம் ஒற்றைப் பெயர் போதுமாக இருந்தது. கண் பரிசோதனை முகாம், காப்பீட்டு நினைவூட்டல், புடவைக் கடைத் தள்ளுபடி. இந்த அட்டைக்குத்தான் ஜோடிப் பெயர். இரண்டாவது கட்டத்தில் என்ன அடிப்பது என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு தன் பெயரையே அடித்தாள். வேறு எவள் பெயரை அடிப்பாள்?

இப்போது அது கீழே விழுந்து கிடக்கிறது.

எழுத்தைச் சிறிதாக்கினாள். ஜோதி ஏறவில்லை.

இன்னும் சிறிதாக்கினால் வயதானவர்களுக்குப் படிக்க வராது. எழுத்துக்கு எழுத்து இருந்த இடைவெளியை நெருக்கினாள். ஒரு மயிரிழை. இன்னும் ஒரு மயிரிழை.

ஜோதி மேலே ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தது.

ஜன்னலின் வலது கோட்டைத் தொட்டும் தொடாமலும். ஆனால் உள்ளே.

கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு அந்த இரண்டு பெயர்களையும் ஒன்றாக அவள் எங்கும் பார்த்ததில்லை. அவர்கள் கல்யாணம் ஆவணியில். இது தையில் கல்யாணமான ஜோடிகளுக்கான அட்டை. இருந்தாலும் அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள்.

மேசையில் இருந்த போன் அடித்தது. டில்லிபாபு.

"அக்கா, மாதிரிப் பேர எடுத்துட்டீங்களா? மிஷினு சும்மா கெடக்குது."

மாதிரிப் பெயரை நீக்கிவிட்டுத்தான் அச்சுக்கு அனுமதி கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலோடு சேர்ந்து அந்த முகவரிக்கும் ஓர் அட்டை தபாலில் போய்விடும். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவள் தவறியதில்லை.

நீக்கவா என்று திரை கேட்டது.

"எடுத்துட்டேன் டில்லி."

வேண்டாம் என்பதை அழுத்தினாள். அதே வேகத்தில் அனுமதியையும் அழுத்தினாள்.

சனிக்கிழமை காலையில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. தண்ணீர் கேன் வரும் நாள் அல்ல.

வாசலில் புதிதாக வந்திருக்கும் தபால்காரப் பெண். கையில் பொன்னிறக் கரை போட்ட உறை. ஜன்னலைப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"திருஞானசம்பந்தமூர்த்தி சார் வீடுங்களா?"

"ஆமாம்மா."

"எவ்ளோ பெரிய பேரு! சார் இருக்காரா?"

"வெளிய போயிருக்காரு. இப்ப வந்துடுவாரு."

நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

"நீங்க?"

அவள் உறையை வாங்கிப் பார்த்தாள். ஜன்னலில் அவன் பெயர் மட்டும் இருந்தது. வழியெல்லாம் குலுங்கி வந்ததில் அட்டை வலப்பக்கம் நகர்ந்துபோயிருந்தது.

உறையின் இடது ஓரத்தைக் கீழே திருப்பிக் கதவில் தட்டினாள். ஒரு தட்டு.

இன்னொரு தட்டு.

ஜோ வந்தது. பிறகு தி.

"இதோ" என்று விரலை வைத்துக் காட்டினாள். "பக்கத்துலயே இருக்கேன் பாருங்க."