முதல் திட்டு

மாமியாரின் உள்ளங்கையில் அந்தச் சின்ன உறை பளபளத்தது.

மகனின் சட்டைகளை மடித்து பீரோவில் வைக்கப் போன இடத்தில் அகப்பட்டிருக்கிறது.

அவள் துணி வாளியோடு அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

வேறு மாமியாராக இருந்தால் ஷாம்பு பாக்கெட் என்று நினைத்து வைத்திருப்பார். நாச்சம்மாளை ஏமாற்ற முடியுமா? அரசாங்கச் சுகாதார நிலையத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். ஊர் ஊராகப் போய், வெட்கப்பட்டு ஓடிய ஆம்பளைகளைத் துரத்திப் பிடித்து, இதைக் கையில் திணித்துவிட்டு வந்தவர்.

"ஊருக்கெல்லாம் நான் குடுத்தேன். என்ர ஊட்டுக்கு எவ குடுத்தா?"

"அத்தை, அது வந்துங்க..."

"பேசாத! எட்டு வருசமா இதான் நடக்குதா? நான் ஒரு பைத்தியக்காரி, ஒரு கோயில் பாக்கியில்லாம மடிப்பிச்சை எடுத்தனே!"

எட்டு வருடம் இல்லை. எட்டு நாள்தான்.

போன வாரம் டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு சொன்னாள். கருப்பையில் குறை இல்லை. கணவன் பூபதியிடமும் குறை இல்லை. அவள் உடம்பின் எதிர்ப்புச் சக்திதான், கட்டிய புருஷனின் உயிரணுவை நோய்க்கிருமி என்று நினைத்து அடித்து விரட்டுகிறதாம். ஆறு மாதம் உறை போட்டுக்கொள்ளுங்கள். கண்ணில் படாமல் இருந்தால் அந்தக் கோபம் தணிந்தாலும் தணியலாம். அப்புறம் பார்ப்போம்.

பிள்ளை வேண்டுமென்று போனவர்களுக்கு ஆணுறை! மருந்துக்கடை வாசலில் சிரிக்க ஆரம்பித்த பூபதி, பஸ் ஏறியும் நிறுத்தவில்லை. அவளுக்கும் சிரிப்புத்தான்.

இதை மாமியாரிடம் சொல்லிவிட வேண்டியதுதான். சுகாதார நிலையத்து மனுஷி, சொன்னால் புரியாதா?

வாயைத் திறந்தாள்.

மூடிக்கொண்டாள்.

எட்டு வருடத்தில் நாச்சம்மாள் அவளை ஒரு வார்த்தை கடிந்ததில்லை. பால் பொங்கி வழிந்தாலும், "உடு கண்ணு." எட்டு மணிக்கு எழுந்தாலும், "உடு கண்ணு." வளைகாப்பு வீட்டில் மட்டும், "நீ உள்ள போயி உக்காரு கண்ணு, கால் வலிக்கும்."

மூன்று வேளையும் இரக்கம். அவளுக்குச் சீ என்று போயிருந்தது.

இன்று திட்டுகிறார்.

"கல்லாட்டம் ஒடம்ப வெச்சுக்கிட்டு, பெத்துக்க வலிக்குதாக்கு உனக்கு? படிச்ச திமிரு!"

இது முடியாதவளைத் திட்டும் திட்டா? முடிந்தும் மாட்டேன் என்கிறவளைத் திட்டுவது!

சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கியது. இன்னும் கொஞ்சம் திட்டமாட்டாரா என்றிருந்தது.

ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு வசந்தாமணியின் தலை தெரிந்தது.

"என்னுங்க்கா சத்தம்?"

"கேளு இந்த நாயத்தை! இவுங்களாத்தான் வேண்டாம்னு தள்ளிப் போட்டிருக்காங்க!"

வசந்தாமணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அடேயப்பா, நீயா, என்கிற பார்வை. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

தெரியட்டுமே!

கத்திக் கத்தி நாச்சம்மாளுக்கு மூச்சு வாங்கியது. கட்டிலில் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது.

"எப்பத்தான் பெத்துக்கறதா இருக்கறீங்க? அதையாச்சும் சொல்லித் தொலை."

எத்தனையோ பேர் கேட்ட கேள்வி. இதுவரை அவளிடம் பதில் இருந்ததில்லை.

"ஆறு மாசம் போகட்டுங்க அத்தை."

பொய் ஒன்றும் இல்லையே.

நாச்சம்மாள் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். மார்கழி, தை, மாசி...

ஆறாவது மாதத்தில் நிறுத்தவில்லை. உதடு அசைய அசைய, பதினாறு வரைக்கும் எண்ணிக்கொண்டே போனார்.