ஜன்னலோர மேசைக்கு மீன் வரவில்லை

"ஏம்மா, சாப்பாடு வருமா, இல்ல சூப்போட முடிச்சுக்கிட்டு எழுந்து போயிடவா?"

ஜன்னலோர மேசையில் இருந்தவர் குரலைத் தாழ்த்திக் கடுகடுத்தார். எதிரே அமர்ந்திருந்த கண்ணாடிக்கார அம்மாள், மெனு கார்டால் சிரிப்பை மறைத்துக்கொண்டார்.

"இதோ, வந்துட்டே இருக்கு சார்" என்றாள் துடுக்கு. அந்த உணவகத்தில் பரிமாறுகிறவள். வாய் கொஞ்சம் நீளம் என்பதால் சக ஊழியர்கள் வைத்த பெயர்.

சொன்னது பச்சைப் பொய். அவள் கையிலிருந்த டேப்லெட்டில் அந்த மேசையின் மீனுக்கு நேரே 'ஹோல்டு' என்று மஞ்சள் எரிந்துகொண்டிருந்தது. அவள் 'அனுப்பு' என்று தட்டும்வரை மீன் அடுப்பேறாது. அவர் கேட்காமலேயே 'காரம் கம்மி' என்று சேர்த்ததும் அவள்தான்.

சமையலறையில் மாஸ்டர் கரண்டியோடு நின்றார்.

"பின்னாடி வந்தவங்கல்லாம் ஐஸ்க்ரீம் தின்னு ஏப்பமும் விட்டாச்சு. மசாலா தடவின மீனு என்னையே முறைக்குது. எப்பத்தான் விடுவே?"

"பேச்சு இப்பத்தான் சூடு பிடிக்குது மாஸ்டர். தட்டு போச்சுன்னா ரெண்டு பேரும் குனிஞ்சு முள்ளு பொறுக்க ஆரம்பிச்சிடுவாங்க. அப்புறம் எங்க பேச்சு?"

"நீ சோறு போடறியா, சினிமா எடுக்கறியா?"

மேனேஜர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "அந்த மனுஷன் வாசலையே பார்த்துக்கிட்டிருக்கார். பாதியில எழுந்து போனாருன்னா, கூடவே உன் வேலையும் போயிடும். சொல்லிட்டேன்."

துடுக்கு 'அனுப்பு' மேல் விரலைக் கொண்டுபோனாள்.

அப்போதுதான் ஜன்னலோரத்திலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். எதிரே இருந்தவர் அப்படி என்னத்தைச் சொன்னாரோ, சொன்ன கூச்சத்தில் தண்ணீர் கிளாஸுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தார்.

விரலை எடுத்துவிட்டாள்.

அடுத்த நிமிடமே அவர் எழுந்தார். கைகழுவப் போகிறவர் போல வந்து, வாஷ்பேசினைத் தாண்டி, பின்வாசல் பக்கம் நைஸாக நழுவினார்.

துடுக்கு ஓடிப்போய்க் கதவை மறித்து நின்றாள். அவள் பின்னாலேயே மேனேஜர் வந்தார். வேடிக்கை பார்க்க மாஸ்டரும் வந்தார்.

"வழிய விடும்மா, வேர்த்துக் கொட்டுது. இதுக்கு மேல என்னால உட்கார முடியாது!"

"மன்னிச்சிடுங்க சார்" என்று மேனேஜர் பதறினார். "இவளை இப்பவே வேலையை விட்டுத் தூக்கிடறேன்."

துடுக்கு அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நழுவ வந்தவரின் சட்டைக் காலரை இழுத்து நேராக்கினாள்.

"சும்மா நடுங்காம போய் உட்காருங்கப்பா... எனக்குச் சித்தியா வரப்போறவங்க அங்க தனியா இருக்காங்க!"