மூக்குப் பந்தயம்

"உன் தட்டை மூக்குக் குண்டுல என்ன மாப்ளே இருக்கு? ஆபீஸ்ல பேப்பருக்கு ஓட்டை போடுற மாதிரி வட்டமா வெட்டும், அவ்வளவுதான். என் உருண்டை மூக்கு பேப்பரையே கிழிச்சிக்கிட்டுப் போகும்!" என்றார் ஆர்வல்.

தங்கை கணவர் வெண்டல் சிரித்தார். இருவரும் ஈயத்தை உருக்கிக் கைத்துப்பாக்கிக் குண்டுகளை வீட்டிலேயே வார்ப்பவர்கள். யார் குண்டுகள் தாளின் நடுவில் குவிகின்றனவோ அவருக்கு ஜெயம்; தோற்றவர் குளிர்காலம் முழுக்க ஜெயித்தவருக்கும் சேர்த்து வார்க்க வேண்டும் என்று பந்தயம்.

துப்பாக்கி கிளப்பில் ஆளுக்கொரு தாளில் சுட்டு முடித்ததும், அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துக் காற்று இரண்டையும் பிய்த்துக்கொண்டு போனது. ஓடிப்போய்ப் பொறுக்கினார்கள். ஒன்றில் ஓட்டைகள் நடுவிலேயே குவிந்திருந்தன. மற்றதில் மூலைக்கொன்றாய்ச் சிதறியிருந்தன.

"இது என்னுது!" நல்ல தாளைப் பறித்து, கிளப்பே பார்க்கக் கொட்டை எழுத்தில் தன் பெயரை எழுதினார் ஆர்வல். "போய் ஈயத்தைக் காய்ச்சு மாப்ளே!"

"காய்ச்சலாம் மச்சான். ஓட்டையக் கொஞ்சம் கிட்டத்துல பாரு."

பார்த்தார். எல்லாம் ஆபீஸில் போட்டதுபோலவே அழகான வட்டம். ஓரத்தில் ஒரு கிழிசல்கூட இல்லை.

வெண்டல் தன் வார்ப்பு அச்சை அவர் கையில் வைத்தார். "தட்டை மூக்கு நிறைய வேணும் மச்சான். கையெழுத்து வேற போட்டுக் குடுத்துட்டே, ஃபிரேம் போட்டு மாட்டிக்கிறேன்!"