கோலாலம்பூரில் ஒரு மதியச் சாப்பாடு

தண்ணீர் வைத்த கையை அவள் பார்த்துவிட்டாள்.

மணிக்கட்டுக்கு மேலே பழந்துணி சுற்றியிருந்தது. துணியின் ஓரத்தில் மஞ்சளாகக் கசிவு.

சாப்பிட வந்தவள் திண்டுக்கல்லில் பல வருடமாக நர்ஸ். வாடையிலேயே தெரிந்தது. கொதி எண்ணெய் பட்ட புண். சீழ் பிடித்து நாளாகிவிட்டது.

யாரிடமாவது காட்டினாயா என்று கேட்டாள்.

பரிமாறிய பெண் கையை இழுத்துக்கொண்டாள். கல்லாப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். சாம்பார் எடுத்து வரப் போய்விட்டாள்.

வெளியே பிரிக்ஃபீல்ட்ஸ் தெரு. பூக்கடைகள், ஹாரன் சத்தம், தலைக்கு மேலே ஓடும் ரயில். எங்கு திரும்பினாலும் தமிழ் காதில் விழுந்தது. சாயங்காலம் கம்போடியாவுக்கு விமானம். பெட்டியை விமான நிலையத்தில் வைத்துவிட்டு, ஊரைப் பார்க்கவும் ஒரு வாய் சோறு தின்னவும் வந்திருந்தாள்.

முதல் வெளிநாடு. அங்கே ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியில் மூன்று மாதம், சம்பளமில்லாத வேலை. இதற்காக எத்தனையோ தடவை விடுப்பு கேட்டிருந்தாள், எத்தனையோ தடவை மறுத்திருந்தார்கள். கிளம்பும் அன்று பொன்னாடை போர்த்தினார்கள். உள்ளூர்ப் பேப்பரில் படம் வந்தது.

சாம்பாரோடு அந்தப் பெண் வந்தாள். புண்ணைப் பற்றி எப்படித் தெரிந்தது என்று மெல்லக் கேட்டாள்.

அவள் சொன்னாள். நர்ஸ் என்பதை. எங்கே போகிறாள், எதற்குப் போகிறாள் என்பதை. கொஞ்சம் பெருமை குரலில் ஏறியது. அடக்க முடியவில்லை.

அந்தப் பெண்ணின் கரண்டி அப்படியே நின்றது.

பெயர் பூமயில். அறந்தாங்கிப் பக்கம். அவ்வளவுதான் சாம்பாரோடு சொல்ல முடிந்தது.

ரசத்தோடு மீதி வந்தது. பாஸ்போர்ட் முதலாளியின் மேசைக்குள் இருக்கிறது. தூங்குவது மாடியில். ராத்திரி வெளியே பூட்டிவிடுவார்கள். சட்டி சரிந்தபோது மஞ்சள் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கிளினிக்குக்குப் போனால் பாஸ்போர்ட் கேட்பார்களாம்.

மோர் ஊற்றும்போது பூமயில் குனிந்தாள்.

"எம்பசி இங்கதான் எங்கயோ இருக்காம்க்கா. எனக்கு வழி தெரியாது. நீங்க கூட வந்தீங்கன்னா உள்ள விடுவாங்க. இப்பயே கெளம்பிருவேன்."

மோர் இலையில் ஓடியது. அவள் கையால் அணை கட்டினாள்.

யோசிக்காமல் இல்லை. டாக்ஸி பிடித்தால் போய்விடலாம். ஆனால் அங்கே எவ்வளவு நேரம் உட்காரவைப்பார்கள்? கேள்வி கேட்பார்கள். இவள் பெயரையும் எழுதிக்கொள்வார்கள். போலீஸ் வரலாம். விமானம் போய்விடும். அந்தக் கிராமத்தில் காத்திருப்பவர்களுக்கு இவளைப் பற்றி எட்டும் முதல் செய்தியே, வரவில்லை என்பதாக இருக்கும்.

எல்லாவற்றையும் சமாளித்திருக்கலாம்.

அதுவும் அவளுக்குத் தெரிந்தது.

பையிலிருந்து களிம்பு, பஞ்சு, மாத்திரை அட்டை எடுத்தாள். அங்கே கொடுப்பதற்காக வாங்கியவை. மேசைக்கு அடியில் நீட்டினாள். எப்படித் துடைக்க வேண்டும், எப்போது விழுங்க வேண்டும் என்று வார்டில் பேசும் குரலில் சொன்னாள். எம்பசிக்குத் தானே போன் செய்வதாகச் சொன்னாள். திரும்பும்போது இதே வழிதான், கட்டாயம் வந்து பார்ப்பதாகச் சொன்னாள்.

பூமயில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பொட்டலத்தை இடுப்பில் செருகினாள்.

"பரவால்லக்கா. அங்க இருக்கவங்களுக்கு உங்கள விட்டா யாரு."

அந்த முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடினாள்.

இல்லை.

பக்கத்து மேசையில் யாரோ சோறு கேட்டார்கள். பூமயில் போனாள்.

கல்லாவில் முதலாளி சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருந்தார். ஊர் எது, எங்கே பயணம் என்று விசாரித்தார். அவள் சொன்னாள். அவர் எழுந்து நின்றுவிட்டார். இந்தக் காலத்தில் இப்படியும் ஒருத்தரா என்று வியந்தார். அவள் நீட்டிய நோட்டை இரண்டு கையாலும் திருப்பித் தள்ளினார்.

"சேவைக்குப் போறீங்க. ஒங்ககிட்ட காசு வாங்குனா எனக்கு ஆகாது."

நோட்டு நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

பிறகு பர்ஸுக்குள் வைத்துக்கொண்டாள்.

நன்றி என்றாள்.

பின்னால் பாத்திரம் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. முதலாளி அந்தப் பக்கம் திரும்பி ஒரு அதட்டல் போட்டார். அவள் திரும்பவில்லை.

விமான நிலைய ரயிலில் எம்பசி எண்ணைத் தேடினாள். கிடைத்தது. உடனே எடுத்தார்கள். விஷயத்தைத் தொடங்கியதும், பேசுவது யார், பெயர் என்ன என்று கேட்டார்கள்.

ரயில் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை, பிறகு கூப்பிடுகிறேன் என்றாள்.

மூன்று மாதமும் நன்றாகவே போனது. காய்ச்சல், பிரசவம், பாம்புக்கடி. பிள்ளைகள் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். கிளம்பும்போது ஒரு கிழவர் அவள் காலைத் தொட வந்தார். பதறிப் பின்வாங்கினாள். என்ன அடக்கம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

திரும்பும் டிக்கெட் கோலாலம்பூர் வழியாகத்தான் இருந்தது. பாங்காக் வழியாக மாற்றித் தரச் சொன்னாள். அதில் ஒரு நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டும் என்றாள் டிக்கெட் அலுவலகப் பெண். பிறகு அவளே சிரித்தாள். பாங்காக்கைச் சுற்றிப் பார்க்க ஆசையா?

ஆமாம் என்றாள்.

பாங்காக்கில் அவள் விமான நிலையத்தை விட்டு வெளியே வரவில்லை.