பர்மா நோட்டுக்காரி

"கற்பனைக்கு எங்கங்க மச்சம் இருக்கும்?"

அக்னஸ் நோட்டைக் கணவரின் மூக்குக்கு நேரே நீட்டினாள். பதினைந்து வருடமாகப் பெட்டிக்கு அடியில் கிடந்த பட்டாளத்து நோட்டு. போர்க்காலத்தில் சிப்பாய்கள் பொழுதுபோக்காக வரைந்த படங்களைத் திருச்சியில் கண்காட்சி வைக்கப்போகிறார்கள் என்று, அன்று காலைதான் அமிர்தராஜ் அதை வெளியே எடுத்திருந்தார்.

பன்னிரண்டு பக்கம். பன்னிரண்டிலும் ஒரே பெண். குடம் சுமக்கிறாள், தலை வாருகிறாள், மூங்கில் புதரடியில் சிரிக்கிறாள். இடது கன்னத்தில் மிளகளவு மச்சம்.

"சும்மா பொழுது போகாம வரைஞ்சது அக்னஸ்."

"எதிர்ல ஆள் இல்லாம உங்களுக்கு ஒரு கோடு வருமா? சேவல் வரையறேன்னு அதைக் கட்டில் கால்ல கட்டிப்போட்டு வீட்டை நாறடிச்சவர்தானே நீங்க?"

அது உண்மை. பொன்மலை ரயில்வே பட்டறைக்காரரான அமிர்தராஜுக்கு, முருங்கைக்காய் வரைவதென்றாலும் ஒரு முருங்கைக்காய் முன்னால் கிடந்தாக வேண்டும். எதையும் பார்க்காமல் அவர் வரைந்தது ஒரே ஒரு படம்தான் என்பாள் அக்னஸ். கூடத்தில், மாதா படத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது: முக்காடிட்டு, வலக்கன்னம் மட்டும் தெரிய, ஜெபமாலையோடு முழந்தாளிட்டிருக்கும் அக்னஸ். பர்மாவிலிருந்து தபாலில் வந்தது. 'உன்னை நினைத்தே வரைந்தேன்' என்று கீழே எழுதியிருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் அந்தப் படத்தைத்தான் காட்டுவாள்.

"அங்க அவளை உட்கார வச்சு வரைஞ்சுக்கிட்டே, இங்க எனக்கு 'நினைத்தே வரைந்தேன்'னு கடுதாசியா? நான் முசிறிக்கு அண்ணன் வீட்டுக்குப் போறேன். பதினோரு மணிக்கு பஸ்."

அமிர்தராஜ் வாயைத் திறந்தார். சுவரைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

அவள் டிரங்குப் பெட்டியோடு வாசலுக்கு வந்தபோது, சைக்கிளை நிறுத்திவிட்டு ஒருவர் படியேறினார். குல்லா, தாடி, தொந்தி.

"டேய் அமிர்து! படமெல்லாம் ரெடியா? தங்கச்சி, நான் கலீல். பர்மாவுல இவனும் நானும் ஒரே கூடாரம். இப்பத்தான் பட்டாளத்தை விட்டு ஊருக்கு வந்தேன்."

"உள்ள ஒரே புழுக்கம்டா. வாசல்லயே பேசலாம்," என்றார் அமிர்தராஜ் அவசரமாக.

"ஒரே கூடாரமா? அப்ப உங்களுக்குத் தெரியாம இருக்காது." அக்னஸ் நோட்டைக் கலீல் கையில் திணித்தாள். "அண்ணே, மறைக்காம சொல்லுங்க. யாரு இவ?"

கலீல் இரண்டு பக்கம் புரட்டினார். தொந்தி குலுங்கியது. தோளில் கிடந்த துண்டைத் தலையில் முக்காடாகப் போட்டு, ஒரு கையால் தாடியை மறைத்துக்கொண்டார்.

"நல்லாப் பாருங்க தங்கச்சி."

இடது கன்னத்தில் மிளகளவு மச்சம்.

"காட்டுல பொம்பளைக்கு எங்க போறது? கொசுவலையைச் சேலையா சுத்திவிட்டு, மீசையையும் வழிச்சுட்டான் பாவி. ரவுண்ட்ஸ் வந்த துரை, கேம்ப்புக்குள்ள பொம்பளை எப்படி வந்தான்னு கேட்டு எனக்கு ஏழு நாள் தண்டனை குடுத்தாரு!"

அக்னஸ் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெட்டியைக் கீழே வைத்தாள்.

"உள்ள வாங்கண்ணே. காபி போடறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு காட்டணும். இவரு யாரையும் பார்க்காம, மனசுல இருந்தே வரைஞ்ச ஒரே படம்."

"கலீலுக்கு நேரமாச்சு அக்னஸ்…"

"நீங்க சும்மா இருங்க."

கலீல் சுவரருகே போய் அண்ணாந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. குனிந்து முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"அட, இது இங்கதான் இருக்கா? இதுக்குத்தான் தங்கச்சி, சரளைக்கல்லு மேல ரெண்டு மணி நேரம் என்னை முட்டி போட வச்சான்!"